பூட்டி வைத்த நோட்டுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடுகிறவர்கள், நான் உள்ளே நுழைந்தாலே மெஷின் தானாகச் சூடாகிவிடும் என்பார்கள். அதனால், மூத்த மகளின் பள்ளியிலிருந்து டீச்சர் வரச் சொன்னார் என்றதும், யாரோ அவளை ஏதோ சொல்லிவிட்டார்கள், ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். வேலைக்குக் கட்டியிருந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

கணக்கு டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு விடைத்தாளை முன்னால் வைத்தார். மகளுடைய தாள். பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அங்கங்கே ஓரத்தில் பயந்து பயந்து எழுதின மாதிரி ஒரு எண்.

"இருபது கணக்கும்மா. பன்னெண்டுக்கு வெறும் விடையை மட்டும் எழுதியிருக்கா. அதுல அஞ்சுதான் சரி. மீதி எட்டைத் தொடவே இல்ல. இதே கணக்கை போர்டுல போடச் சொன்னா மளமளன்னு போடுறா."

"அப்ப உங்க கேள்வித்தாள்லதான் ஏதோ கோளாறு."

டீச்சர் அதற்குக் கோபப்படவில்லை. "போட்ட வழிக்குத்தான் பாதி மார்க். இவ எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டுப் பாத்துட்டு, சந்தேகமே இல்லன்னாதான் பேனாவ வெக்கிறா. நடுவுல ஒண்ணு நழுவினா எங்க நழுவுச்சுன்னு அவளுக்கே தெரியல. இவ எழுதிப் பழகணும். நோட்டு, பென்சிலெல்லாம் வெச்சு நன்கொடைப் பெட்டி வந்த அன்னைக்கே அதுக்குத்தானே ஆளுக்கு அஞ்சு நோட்டு குடுத்தோம். மத்த பிள்ளைங்க பாதி நோட்டு முடிச்சிட்டாங்க, நல்லாவே தேறி வர்றாங்க. இவ நோட்டைத்தான் தங்கச்சி கிழிச்சுப் போட்டுட்டாளாமே."

சின்னவள் எதையும் கிழிக்கவில்லை. ஐந்து நோட்டும் வீட்டில் என் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. பெட்டியின் சாவி அந்த நிமிடம் என் இடுப்பில்தான் இருந்தது.

ஏன் பூட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளியில் எட்டாவது வரைதான். மேலே படிக்க வேண்டுமென்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியின் தேர்வில் தேற வேண்டும். நாற்பது இடம்தான். கிடைக்காவிட்டால் என் மகளும் என்னோடு வந்து படுக்கைவிரிப்பு மடிக்க வேண்டியதுதான். அவளுக்கு அங்கே இடம் கிடைத்த பிறகு நோட்டு வேண்டியிருக்குமே, அங்கே யார் பெட்டி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பளபளவென்ற நீல அட்டை, ஒரு டஜன் பென்சில், இரண்டு ரப்பர், ஜியாமெட்ரி பாக்ஸ். அத்தனையையும் வந்த அன்றே எடுத்துப் பூட்டினேன்.

அதுவரைக்கும் எழுத அவளுக்கு அப்பாவின் தாள்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். பழைய ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொது. பென்சிலால் எழுத வேண்டும், அழிக்க வேண்டும், மறுபடி அதன்மேலேயே எழுத வேண்டும். 'தெரிஞ்சா எழுது, தெரியாட்டி யோசி' என்பது நான் போட்ட சட்டம். தாளை வீணாக்காத பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், வெள்ளையாகக் கிடந்த அந்தத் தாள் என் சட்டத்துக்குக் கிடைத்த பலன் என்று புரிந்தது.

"தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு டீச்சர்?"

"ஏழு வாரம்."

"நோட்டு இருக்கு," என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. டீச்சர் பழக வேண்டிய கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. ஒரு ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்துவிட்டது. பொத்திப் பொத்தி வைத்த லட்சணம் அதுதான். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு மூத்தவள் வந்தாள். நோட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"தங்கச்சி எப்படி கிழிச்சா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "நீ பூட்டி வெச்சிருக்கேன்னு சொன்னா உன்னை ஏதாவது நெனப்பாங்கல்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. அது முழுக்க என்மேல்தான்.

"உக்காரு. இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்," என்றேன்.

உட்கார்ந்தாள். டீச்சர் கொடுத்தனுப்பியிருந்த கணக்குகளில் முதலாவது, ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறைப் பதினேழால் வகுப்பது. நோட்டைத் திறந்தாள். தாளைத் தடவிப் பார்த்தாள். பென்சிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேஜைமேல் விரலால் எழுதிப் பார்க்கத் தொடங்கினாள். கால் மணி நேரம் கழித்து ஓரத்தில் ஒரு சின்ன எண் எழுதினாள். எழுதிய கையோடு அழித்தாள்.

"தாள்ல போடு."

"தப்பாயிட்டா?"

"ஆகட்டும்."

"புது நோட்டும்மா."

இந்தப் பயத்தை அவளுக்கு ஊட்டி வளர்த்தவள் நான். வாயால் சொன்னால் போகாது என்று தெரிந்தது. நோட்டை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தின் நட்டநடுவில், கொட்டை கொட்டையாக அந்தக் கணக்கைப் போட்டேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். கோடு கோணியது. பதினேழாம் வாய்ப்பாடு பாதியில் மறந்தது, அடித்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அடித்தேன். கடைசியில் பதினெட்டு என்று விடை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நடுவுல பூஜ்யத்த விட்டுட்ட. நூத்தியெட்டு."

"எங்க விட்டேன்? காட்டு."

என் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். என் கிறுக்கலுக்குக் கீழே, ஒவ்வொரு வரியாக இறக்கிக் காட்டினாள். எழுதிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "நானும் பரீட்சைல இதே இடத்துலதான் விட்டிருக்கேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"இப்ப கண்ணால பாக்குறேன்ல."

பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. "சரி, இந்த நோட்டு பாழாயிடுச்சு. இனிமே இதுல என்ன வேணா எழுதலாம்," என்று அவள் பக்கம் தள்ளினேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். எனக்கு மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும். நாலு மணிக்கு மேஜையில் இரண்டு பேரும் உட்காருவோம். அடித்ததை அழிக்கக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டேன். எங்கே தப்பினாள் என்று மறுநாள் பார்க்க வேண்டுமே. மிச்சமிருந்த ரப்பரைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு கணக்கையும் மூத்தவள் போட்டு முடித்ததும் எனக்கு விளக்க வேண்டும். புரியவில்லை என்றால் நான் விடமாட்டேன். உண்மையிலேயே பாதி நாள் எனக்குப் புரியாது. அதனால் அவள் தப்பிக்கவே முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். "பரீட்சை யாருக்கு? உனக்கா அவளுக்கா?"

"உங்களுக்கு வேணும்னா நீங்களும் உக்காருங்க."

"நான் பஸ்ஸோட நிறுத்திக்கிறேன்," என்று நழுவிவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து, வந்ததும் எல்லா பென்சிலையும் அவரே சீவி வைத்தார்.

ஏழு வாரத்தில் நான்கு நோட்டு முடிந்தது. பென்சில்கள் விரல் நீளத்துக்குத் தேய்ந்தன. அவள் வலது கையின் ஓரம் எப்போதும் கரியாகவே இருந்தது. ஐந்தாவது நோட்டைத் தொடங்கும்போது அவள் தாளைத் தடவவில்லை. நேராகக் கணக்கைப் போட்டாள், ஒரு வரியை அடித்தாள், அடுத்த வரிக்குப் போனாள்.

தேர்வு அன்று லீவு போட்டுவிட்டு, பெரிய பள்ளியின் கேட்டுக்கு வெளியே நின்றேன். மணி அடித்ததும் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். என் மகள் கடைசியில் வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்படி எழுதின?"

"மூணு தடவை கூடுதல் தாள் கேட்டேன்மா."

எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. போதாது என்று பதினைந்து நாள் தூங்காமல் கிடந்தது வேறு விஷயம். முடிவு ஒட்டிய பலகையில் அவள் எண் பதினொன்றாவதாக இருந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன். அவள்தான் என் கையைப் பிடித்து, எல்லாரும் பாக்குறாங்க, வாம்மா என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருடம் நன்கொடைப் பெட்டி மறுபடி வந்தது. இந்த முறை சின்னவளின் வகுப்புக்கு. ஐந்து நோட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள், நேராகத் தகரப் பெட்டியிடம் போய் நின்றாள்.

"சாவி குடும்மா. பத்திரமா வெச்சுக்கிறேன்."

"இங்க கொண்டா," என்றேன்.

மேலிருந்த நோட்டை வாங்கி மேஜைமேல் விரித்தேன். சின்னவள் பதறிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூத்தவள் புதுப் பள்ளிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறைப் பதினேழால் வகுக்கும் கணக்கை, முதல் பக்கத்தின் நட்டநடுவில், கொட்டை கொட்டையாகப் போட்டேன். தப்பாகப் போடுவதற்கு இந்த முறை கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.