பாலோ கடையில் நிற்கும் பிரேமலா

1

மலேசியாவின் பாலோ ஊரில் ஒரு மருந்துக் கடைச் சுவரில் பார்மசிஸ்டின் லைசென்ஸும் படமும் மாட்டியிருந்தன. காய்ச்சலுக்காக மூன்று முறை போனேன். படத்தில் இருந்தவர் ஒருமுறைகூடக் கடையில் இல்லை. இந்த ஊரில் எனக்குப் பேச ஆளில்லை. அறைக்கு வந்து அந்த முகத்துக்கு ஒரு கதை எழுத ஆரம்பித்தேன். பிரேமலா என்பது நான் வைத்த பெயர்.

2

முதல் தொடக்கம்: பிரேமலா நேர்மையான பெண். கடன்தான் அவளை...

(அடித்துவிட்டேன். நான் சொல்லி நீங்கள் நம்பக் கூடாது.)

இரண்டாவது: பார்மசி படித்த கடன் எண்பதாயிரம் ரிங்கிட். ஜாமீன் கையெழுத்து லாரி ஓட்டும் அப்பா ஐயாசாமியுடையது. தொலைவில் கெலாங் பாத்தா ஊரில் வேறொரு மருந்துக் கடையில் அவள் வாங்கும் சம்பளம் வீட்டு வாடகைக்கும் காருக்கும் போய்விடும். மூன்று தவணை நின்றதும் அப்பா பெயருக்குக் கடிதம் வந்தது. அதனால் பாலோ கடைக்காரர் ஹேமநாதனுக்குத் தன் லைசென்ஸை மாத வாடகைக்கு விட்டாள். சட்டப்படி அவளே அங்கே நின்று மருந்து கொடுக்க வேண்டும். அவளோ அங்கே கால் வைத்ததில்லை. சனிக்கிழமைதோறும் அவர் மருந்துப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவருவார். சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து, வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

3

போன சனிக்கிழமை கையெழுத்துப் போட இடமே இல்லை. எல்லா வரியிலும் அவள் கையெழுத்து இருந்தது.

"யார் அங்கிள் போட்டது?"

"அலமாக்! என்ன மிஸ் வெளையாடுறீங்க? செவ்வாக்கெழமைலேருந்து நீங்கதானே கடையில நிக்கிறீங்க. இன்னிக்கிப் புக்கை இங்க கொண்டாரச் சொன்னதே நீங்கதானே லா."

(இரட்டைச் சகோதரி என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். பிரேமலா ஒரே பிள்ளை.)

கடைசி வரி: ஆப்ரின், வயது ஒன்று. தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதது; மூச்சு நின்றுபோகலாம். பக்கத்தில் தாய் நஸீமாவின் போன் நம்பர்.

(இந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. காலையில் கதை எழுதும் நோட்டைத் திறந்தபோது இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.)

4

பிரேமலா உடனே அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். "நஸீமாக்காவா? பார்மசி பிரேமலா பேசுறேன். பாப்பாவுக்கு மருந்து குடுத்துட்டீங்களா?"

"இப்பதான் ஸ்பூன்ல ஊத்துறேன்."

"குடுக்காதீங்க! கொட்டிடுங்க!"



"மிஸ் பிரேமலா இப்பதான் கூப்பிட்டாங்க. அவங்க குரல்லயே ஒருத்தி பேசுவாளாம், மருந்து குடுக்காதன்னு சொல்லுவாளாம், நம்பாதீங்கன்னாங்க. நீ யாரு?"

5

முடிவு ஒன்று: நஸீமா எப்படியோ நம்பி... (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: (எழுத மாட்டேன்.)

மூன்றாவதில் பிரேமலா உண்மையைச் சொல்ல வேண்டும். "அந்தக் கடைக்கு நான் வந்ததே இல்லக்கா. லைசென்ஸை வாடகைக்கு விட்டிருக்கேன். அங்க நிக்கிறது நான் இல்ல." சொன்னால் புகார் போகும், லைசென்ஸ் போகும், கடன் மொத்தமும் அப்பா தலையில் விழும். சொன்னால்தான் அந்த ஸ்பூன் நிற்கும்.

நாலு தடவை எழுதினேன். அவள் வாய் திறக்கும் இடத்தில் வரி நின்றுவிடுகிறது.

"ஹலோ? நீ யாருன்னு கேட்டேன்."

பதிலை நீங்கள் சொல்லுங்கள். குழந்தை இருமுகிறது.