தகரக் கூரையும் சம்பந்தியம்மாவும்

என் பொண்ணு மல்லிகாவோட தலைப்பிரசவம் என் வீட்டுலதான் நடக்கணும். ஊர் உலகத்துல அதுதானே முறை? அவ மாமியார் பாக்கியலட்சுமி அம்மா ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பண்டார் ஹிலிர்லேர்ந்து ஒரு மத்தியானம் எங்க காஜா பேராங் வீட்டைப் பாக்க வந்தாங்க. கால் மணி நேரம் உக்காந்திருப்பாங்க. ரவிக்கை நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கிச்சு. காப்பியக்கூட முழுசாக் குடிக்கல.

"இந்தத் தகரத்துக்கு அடியில என் மருமகள வேக வைக்க மாட்டேன். எங்க வீட்டுல கரண்டுக் காத்தாடி ஓடுது. பிரசவம் அங்கேயே ஆகட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

தாய் இல்லாத பொண்ணா அவ? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே! ஆனா அந்தம்மா சொன்னது பொய்யுமில்ல. ஐம்பத்தேழாம் வருஷம் அது. மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகுதுன்னு ஊரே கொண்டாட்டமா இருந்துச்சு, எங்க சந்துக்குக் கரண்டு மட்டும் வரல. மத்தியானமானா வீட்டுக்குள்ள அடுப்பில்லாமலே தோசை சுடலாம்.

எங்க வீட்டுக்காரருக்கு மரப்பட்டறையில வேலை. விட்டுடு, அவங்க வசதியானவங்கன்னார். நான் விடுவேனா?

மறுநாள் சாம்பிராணி போடும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. புகை மேல போயி தகரத்துக்கு அடியில அப்படியே நின்னுச்சு. பலகைச் செவுரு கூரை வரைக்கும் அடைச்சுக் கிடக்கு, எங்கே போகும்? பக்கத்துல கம்போங் செட்டியில பழைய வீடுங்கள்ல செவுத்து மேல மரச்சட்டம் போட்டுத் திறந்திருக்கும், உள்ள போனா சில்லுன்னு இருக்கும். புகை நிக்கிற இடத்துலதான் சூடும் நிக்குதுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

ரம்பத்தை எடுத்து இவர் கையில குடுத்தேன். மேற்குச் செவுத்து உச்சியில அறுத்து, மழை உள்ள அடிக்காம சாய்வாப் பலகை வச்சார். சாம்பிராணி போட்டுப் பாத்தேன். புகை இம்மி அசையல. கோழிக்கூடு கட்டுறீங்களான்னு பக்கத்து வீட்டு விஜயா சிரிச்சா. நான் தூபக்காலத் தூக்கிக்கிட்டு மூலைமூலையா நடந்தேன். புகை வெளிய போகணும்னா காத்து உள்ள வரணுமில்ல? கிழக்கே கிணத்தடி நிழல் பக்கம், தரையோட தரையா ரெண்டு பலகையப் பேத்தெடுக்கச் சொன்னேன். எடுத்த உடனே புகை வளைஞ்சு நெளிஞ்சு மேல் சட்டம் வழியா ஓடுச்சு பாருங்க, நான் கை தட்டிட்டேன்.

அப்புறம் என்னை யார் பிடிக்க முடியும்? தகரத்துக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டு, மூங்கில் கட்டி, அத்தாப்பு ஓலை வேஞ்சோம். வெயில் ஓலையோட நின்னுடுச்சு. பிள்ளை பெத்தவளுக்கு ரெண்டு வேளையும் சுடுதண்ணி வேணும், அதுக்கு வீட்டுக்குள்ள விறகெரிச்சா மறுபடியும் சூளைதான். பழைய எண்ணெய் ட்ரம் ஒண்ணைத் தேய்ச்சுக் கழுவி, கறுப்புச் சாயம் அடிச்சு, தண்ணி ரொப்பி முத்தத்து வெயில்ல ஏத்தி வச்சோம். மத்தியானத்துக்கெல்லாம் குளிக்கிற பதத்துல சூடா இருக்கும்.

மல்லிகாவுக்கு ஒம்பதாம் மாசம் தொடங்கிடுச்சு. இன்னொரு தடவை வந்து பாருங்கன்னு மாப்பிள்ளை ஜெயபாலன் மூலமா அவங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வர்றதுதான் வர்றீங்க, ரெண்டு மணிக்கே வாங்கன்னேன். திமிர்தான், இல்லேங்கல.

வியாழக்கிழமை வந்தாங்க, கையில விசிறியோட. நாற்காலியில சாஞ்சு, கூரையப் பாத்தாங்க, செவுத்தப் பாத்தாங்க. நான் காப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தா விசிறி கீழ கிடக்கு, சம்பந்தியம்மா வாயைத் திறந்து குறட்டை விடுறாங்க. செருப்புச் சத்தம்கூடக் கேக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரை வாசலோட நிறுத்திட்டேன்.

நாலு மணிக்கு முழிச்சாங்க. முகம் கழுவ ட்ரம் தண்ணிய மொண்டு குடுத்தேன். வெதுவெதுப்பா இருக்கவும் அடுப்பத் திரும்பிப் பாத்தாங்க. அடுப்புல பூனை படுத்திருந்துச்சு.

சரி, நாளைக்கு வந்து மல்லிகாவக் கூட்டிட்டு வரட்டுமான்னு மெதுவாக் கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில வீட்டுப் பொண்ண வெளிய அனுப்ப மாட்டேன்"னாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. அந்தம்மா முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "இப்பவே என்கூடக் கிளம்புங்க, சம்பந்தியம்மா. பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடலாம்."