வியாகுலம்மாளின் வாய்

தக்கலை மீன்சந்தைச் சுவருக்கு அதுவரை ஒரே பயன்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆண்கள் அவசரத்துக்கு அதைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அதில் படம் வரைந்தால் நாற்றம் ஒழியும் என்று சந்தைக் கமிட்டியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள் ஜெப்சி. அவளுக்கு அதுதான் முதல் சுவர்.

சுவரோரம் மீன் விற்கிற வியாகுலம்மாளின் முகத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஓயாமல் பேசுகிறவளைக் கும்பிட்டபடி நிற்கவைத்து, "வாய மட்டும் கொஞ்சம் மூடுங்கக்கா" என்று போட்டோ எடுத்தாள். கலர் அடித்தால் ஜவுளிக்கடை விளம்பரமாகிவிடும் என்று கறுப்பு வெள்ளையில் சுவர் முழுக்க வரைந்தாள். ஓவியக் கல்லூரியில் படித்த படிப்பு அப்படி.

கறுப்பு வெள்ளை முகம், கூப்பிய கை, மூடிய வாய். சுவரில் இப்படி ஒருவரைப் பார்த்தால் நம்மூரில் என்ன நினைப்பார்கள்? சனிக்கிழமை காலையில் படத்துக்கு மாலை விழுந்தது. இரணியலிலிருந்து வந்த வாடிக்கைக்காரி ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றி அழுதுவிட்டுப் போனாள். வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த வியாகுலம்மாளின் மகன் ரிஜோ துபாயிலிருந்து கதறிக்கொண்டு ஃபோன் செய்தான். எடுத்தது அம்மாவேதான்.

"திங்கக்கிழமை வெள்ளையடிச்சிருவோம் பிள்ளே" என்று கமிட்டித் தலைவர் ராஜையன் சொல்லிவிட்டார். இந்தச் சுவர் போனால் ஜெப்சியை நம்பி இன்னொரு சுவரை யார் தருவார்கள்?

அப்போதுதான் வியாகுலம்மாள் வந்து சேர்ந்தாள்.

"ஏட்டி, உயிரோட இருக்கவளுக்கு மாலை போட வச்சிட்டியே! சாளை மீன் வாங்க வந்தவனெல்லாம் என்னக் கண்டு பேயக் கண்ட மாதிரி ஓடுதான்! ஒனக்கு நான் என்னட்டி செய்தேன்?"

ஒரு கை இடுப்பில், மறுகை காற்றில், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டிய ஜெப்சி ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, அப்பிடியே நில்லுங்க. வாய மூடிராதீங்க."

ஞாயிறு முழுக்க அவள் மூங்கில் சாரத்தை விட்டு இறங்கவில்லை. கூப்பிய கைகளைப் பிரித்து, ஒன்றை இடுப்பில் வைத்தாள், இன்னொன்றைத் தெருவை நோக்கி நீட்டினாள். சேலைக்கு மஞ்சள் கொடுத்தாள். வாயைத் தாராளமாகத் திறந்துவிட்டாள். சாயங்காலம் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் ஒதுங்கிய ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்தார். வந்த வேலையை மறந்து நடையைக் கட்டினார்.

திங்கட்கிழமை சுண்ணாம்பு வாளியோடு ஆள்கூட்டி வந்த ராஜையன் படத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

"என்னத்துக்குப் பிள்ளே இவ்வளவு பெரிய வாய்?"

ஜெப்சி பதில் சொல்லுமுன் வியாகுலம்மாள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"சுவத்துல ஒரு வாய், இங்க ஒரு வாய். ரெண்டையும் தாண்டி எவன் வெள்ளையடிக்கான்னு பாப்போம்."