நாரினுக்கு வந்த நூற்றுப் பதின்மூன்றாம் விருந்தாளி

பெர்மெத் ஒருவருடைய பெயரைத் தட்டச்சு செய்தால், அன்று மாலைக்குள் அவர் எங்கள் மலையூர் நாரினில் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். முதலில் வந்தவர் ஒசாகாக்காரர், வெறும் காலோடு வந்தார். அடுத்து வந்த லியோன் நகரத்துப் பெண்ணின் கையில் பாதி கடித்த ஆப்பிள் இருந்தது. எப்படி வந்தீர்கள் என்று விருந்தாளியைக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. ரொட்டியும் தேநீரும் வைத்து, இன்னொரு மெத்தையை விரித்தார்கள்.

பெர்மெத் காசநோய் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாகச் சளி மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பவள். படங்களில் கிருமிகளை எண்ணித் தந்த மென்பொருள் அந்த இலையுதிர் காலத்தில் உரிமக் காலம் முடிந்து வாயை மூடிக்கொண்டது. அதே வேலையைச் செய்யும் இலவச நிரல் ஒன்று இருந்தது, பல நாட்டு விஞ்ஞானிகள் ஆளுக்கொரு கை போட்டு எழுதியது. ஆனால் ஆய்வகக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தின் பொது மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பதை மட்டுமே ஏற்றலாம். களஞ்சியத்தில் அது இல்லை. வசந்தம் முடிவதற்குள் வழி பிறக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிட்டு, மாதிரிகளைக் கணவாய் தாண்டித் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்புவார்கள். பதில் வர மூன்று வாரம் ஆகும். முன்பு ஒருமுறை அப்படிக் காத்திருந்தவர்களில் இரண்டு பேரின் அடக்கத்துக்கு பெர்மெத் போய் வந்திருக்கிறாள்.

நிரலைக் களஞ்சியத்துக்கு ஏற்றபடி தானே பொதியாகக் கட்டி அனுப்புவதென்று அவள் உட்கார்ந்தபோது, ஆய்வகத் தலைவர் சகின்பெக் சிரித்தார்.

"கண்ணாடிச் சில்லு கழுவுற கை உனக்கு. படிச்சவங்க பாத்துப்பாங்க, விடும்மா."

"அவங்க பாத்துக்கற வரைக்கும் இருமுறவங்க இருமாம இருப்பாங்களாண்ணே?"

நிரலிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் எழுதியது யார் என்று பொதியில் சொல்லியாக வேண்டும் என்பது களஞ்சியத்தின் சட்டம். அவள் முதலில் 'மற்றும் பலர்' என்று எழுதினாள். முகமில்லாத பதினோரு பேர் வேலியருகே வந்து நின்றார்கள். வாயில்லாதவர்களுக்குத் தேநீர் கொடுப்பது எப்படி? அந்த வரியை அழித்தாள். பிறகு எங்கள் வழக்கப்படி மூத்தவர் முதலாக, வயது வாரியாகப் பெயர்களை அடுக்கினாள். எந்தக் கோப்பில் யார் கை என்பதுதான் வேண்டும், யாருக்கு எத்தனை வயது என்பதல்ல என்று களஞ்சியத்தில் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரிக்குள் வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். கணவன் தலாய்பெக் மூன்றாவது ஆட்டை அறுத்தான். அத்தனை பேரும் பேராசிரியர்கள், எல்லாரிலும் மதிப்பானவருக்கு உரிய தலைக்கறியை யாருக்கு வைப்பது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

கடைசியில் ஒரு கோப்பு மிஞ்சியது. தூசியையும் கிருமியையும் பிரித்துக் காட்டுவது அதுதான். அதில் பெயரே இல்லை, எழுதியவர் யாரென்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் பொதியை ஏற்கிறோம் என்று களஞ்சியத்திலிருந்து எழுதினார்கள். எடுத்துவிட்டால் தூசியெல்லாம் காசநோயாகிவிடும், நன்றாக இருப்பவன் ஆறு மாதம் மருந்து தின்பான். முடியாது என்று பதில் எழுதினாள். சகின்பெக்குக்கே மனசு இளகி, யார் பெயரையாவது போட்டுவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"போட்டா அவங்க வந்து நிப்பாங்கண்ணே. நீங்க எழுதாததை உங்க பேர்ல போட்டேன்னு அவங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தாள். அந்த வேலைக்குப் புதுக் கோப்பு ஒன்றைத் தானே எழுதப் போகிறாள், பழையதைப் பார்த்து எழுதினால் அது திருட்டு. நிரல் எழுதுவது எப்படி என்று விருந்தாளிகளைக் கேட்டுக்கொண்டாள். தூசி எது, கிருமி எது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐந்து வாரத்தில் எழுதி முடித்து, எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டினாள்.

கதவு தட்டப்பட்டது. வெளியே பெர்மெத் நின்றுகொண்டிருந்தாள், முக்காட்டில் பனி. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேராகக் கதவுக்கு எதிரே உள்ள மதிப்பான இடத்தில் உட்கார்ந்தாள். பேராசிரியர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தலாய்பெக் இருவரையும் ஒருமுறை பார்த்தான், இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தான்.

ஒன்பதாம் நாள் பொதி களஞ்சியத்தில் சேர்ந்தது. ஆய்வகத்தை மூடும் பேச்சு நின்றது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். வந்த பெர்மெத் மட்டும் போகவில்லை, அவள் ஊர் இதுதான். இப்போது ஆய்வகத்தின் இரண்டு நுண்ணோக்கிகளிலும் ஆள் இருக்கிறது.