பூஜையில் உட்கார்ந்த கோபால்ட் பெட்டி

ஆயுத பூஜையன்று காலையில், மதியம் கழிவு வண்டி வருகிறது, உன் பெட்டியையும் ஏற்றிவிடு என்று இயக்குநர் ஜானு மேடம் ஆய்வாளர் வஜீஹாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடையாறிலுள்ள அவர்கள் மையத்தின் சைக்ளோட்ரான் இயந்திரம் ஸ்கேனுக்கான மருந்து தயாரிக்கிறது. கதிர்க்கற்றை புகுந்து போகும் மெல்லிய உலோகத் தகட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். கழற்றிய தகட்டில் கோபால்ட்-57 சேர்ந்திருக்கும். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் கேமராக்களைச் சரிபார்க்க அதே சரக்கை வெளிநாட்டில் கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். என்ன கூத்து! வஜீஹா இரண்டு வருடமாகத் தகடுகளை ஈயப் பெட்டியில் சேர்த்தாள். வேண்டாத ஐசோடோப்புகள் அதற்குள் தேய்ந்து அடங்கிவிட்டன. கோபால்ட்டைப் பிரித்தெடுக்க அனுமதிக் கடிதமும் வந்தாயிற்று. கதிர்வீச்சைத் தடுக்கும் கவச அறையை ஒரே ஒரு நாள் தரும்படி அப்போதிருந்தே கேட்கிறாள், மேடம் கொடுத்தால்தானே! அவருக்கு அது குப்பை. இன்று வண்டியேறினால் அவ்வளவும் பாழ்.

ஆய்வகத்தில் டெக்னீஷியன் கபாலி கருவிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது; மயிலாப்பூர்க்காரரான மேடம் அதில் படு கண்டிப்பு. வஜீஹா கண்ணைக் காட்டினாள். கபாலி பெட்டியைச் சுற்றிக் கதிர்வீச்சு மீட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி என்று ஜோடித்து வரிசையில் உட்கார வைத்தார்.

வண்டியோடு வந்த பாலுவிடம், "பூஜையில கீது நைனா, நாளைக்கு வா" என்றார் கபாலி. பாலு கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரிப் பொட்டலத்தோடு கிளம்பினார்.

சாயங்காலம் மேடம் பெட்டியைப் பார்த்தார். சாமந்தியைப் பார்த்தார். வஜீஹாவைப் பார்த்தார்.

"பூஜையில வெச்சதை நாளைக்கு எடுத்து வேலை ஆரம்பிச்சாகணும். அது தெரியுமோ உனக்கு?"

சத்தியமாகத் தெரியாது. ஒரு நாள் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கேட்ட வாக்கை விடுவாளா?

"அப்போ நாளைக்குக் கவச அறை வேணுமே, மேடம்."

தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மேடம் சாவியை நீட்டினார்.

விஜயதசமியன்று தகடுகள் அமிலத்தில் கரைந்தன, அந்தக் கரைசல் பிசின் நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பிரிந்தது. கடைசிப் புட்டியை அளந்தபோது, திரையில் கோபால்ட்-57-இன் கோடு தன் இடத்தில் கம்பமாக எழுந்து நின்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"நன்னாப் பண்ணியிருக்கே. இனிமே எது வேணும்னாலும் எங்கிட்ட நேராக் கேளு. சரஸ்வதியை நடுவுல இழுக்காதே."

"நேராத்தான் மேடம், ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன்."