அசையாத வாயு

வாயு அசையவே இல்லையாம். நூற்றுக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான டிகிரியில் வாயு கொதிக்கிறது. நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை சக்தியைப் பீய்ச்சியடிக்கிறது. வாயு மட்டும் ஆடாமல் அசையாமல் கிடக்கிறதாம். மாநாட்டில் அவள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் அப்படித்தான் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வீட்டில் அவர் அவளுடைய அக்கா புருஷன், மாமா. ஆபீஸில் சார். அன்று எப்படிக் கூப்பிடவும் அவளுக்கு வாய் வரவில்லை.

கருந்துளை கலக்கிவிடுவதால்தான் வாயு ஆறிப்போகாமல் இருக்கிறது என்பது அவள் கட்சி. வாயுவில் இருக்கும் இரும்பு எக்ஸ்ரே ஒளியில் ஒரு கோடாகத் தெரியும். வாயு நம் பக்கம் வந்தால் கோடு ஒரு புறம் நகரும், விலகிப் போனால் மறுபுறம். வாயு அசைவதை நிரூபிக்க எக்ஸ்ரே செயற்கைக்கோள் இன்னொரு முறை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு நேரம் உண்டா என்பதற்கு அன்றைய கூட்டத்தில்தான் முடிவு. அசையாத வாயுவைப் பார்க்க யார் நேரம் ஒதுக்குவார்கள்?

அவர் கணக்குப் போட்ட புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். கருவியைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று, இடத்துக்கு இடம் நகர்ந்திருந்த அந்த இரும்புக் கோடுகளையே பிடித்திழுத்து ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தார் மனுஷன். கருவியின் பிழையோடு வாயுவின் வேகமும் போயே போய்விட்டது. ஆளை எடை மெஷினில் ஏற்றிவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் வேறென்ன காட்டும்?

நேரே அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"போன வாரமே பாத்துட்டேன்," என்றார். "ஊரைக் கூட்டிச் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? அடுத்த வருஷம் திருத்திக்கலாம், அந்தக் கட்டுரையில உன் பேரையே முதல்ல போடறேன். வீட்டுல பேசிக்கலாமே."

"வீட்டுல பேச இதுல என்ன இருக்கு, சார்?"

கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வரிகளைத் திரையில் காட்டினாள். குடும்பச் சண்டையை இங்கே கொண்டுவராதே என்று மூத்தவர் ஒருவர் சீறினார். மாமா மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை. கடைசியில் மற்றவர்களே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வாயு அசைந்தது. செயற்கைக்கோள் நேரம் கிடைத்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீ சொன்னதுதான் சரின்னு அவரே சொல்றாரு. ஆனா கொஞ்ச நாளைக்கு நீ இங்க வராதேடி."

அவரே சொல்கிறாராம். அந்த ஒரு வார்த்தையைக் கூட்டத்தில் சொல்ல அவருக்கு என்ன கேடு?