இலை மூடிய நேரத்தில் வந்தவன்

என் கொழுந்தனுக்கு மரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. போன மாதம்வரை மாநகராட்சியின் சாக்கடைப் பிரிவில் இருந்தவனைத் தூக்கி மரப் பிரிவில் மேற்பார்வையாளராகப் போட்டார்கள். வந்த வேகத்தில் என் இஸ்திரிக் கடைக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்துக்கு நாள் குறித்துவிட்டான்.

பதினாறு வருடமாக அந்த மரத்தடியில்தான் துணி தேய்க்கிறேன். மேகம் கவிந்தால் இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து தொங்கும். அதைப் பார்த்ததும் தேய்த்த துணியையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவேன். ஒரு சட்டைகூட நனைந்ததில்லை. வெயில் அடித்தால் இலைகள் மறுபடி விரியும். இதிலென்ன ரகசியம்? தெருவில் பால் பாக்கெட் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

இந்த மகராசன் வந்தது மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில். வண்டியை விட்டு இறங்காமலே அண்ணாந்து பார்த்தான். 'பட்டுப்போன மரம், வெட்டவும்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

மூன்றாம் நாள் காலை ரம்பத்தோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். வானம் அன்றும் கறுத்தே கிடந்தது.

"தம்பி, அது சாகலப்பா, இலைதான் மூடியிருக்கு. கொஞ்சம் வெயில் வரட்டும், நீயே பாரு."

"எழுதி மேல அனுப்பியாச்சு அண்ணி. லாரி இன்னிக்குத்தான் கெடச்சிருக்கு. ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்காதீங்க."

"உன் மானத்துக்கு ஒரு மரம் கேக்குதா?"

அவன் காதில் வாங்கவில்லை. நான் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள். அவன் நின்று வேடிக்கை பார்த்தான். சூடான இஸ்திரிப் பெட்டி என் கைக்கு எட்டாமல் போனது அவன் அதிர்ஷ்டம்.

மதியத்துக்குள் மரம் தெருவின் குறுக்கே விழுந்துவிட்டது. ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். அப்போதுதான் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. பாழாய்ப்போன வெயில், மூன்று மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா!

கீழே கிடந்த கிளைகளில் இலைகள் மெல்ல விரியத் தொடங்கின. முதலில் ஒரு கிளை, பிறகு பக்கத்துக் கிளை. அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் பச்சை. வெட்டுப்பட்டது அவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கக்கத்திலிருந்த கோப்பைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் கையில் திணித்தேன்.

"இப்ப எழுது. உசுரோட இருக்குன்னு எழுது."

"அண்ணி..."

"எழுதுடா!"

அவன் தடுமாறிக்கொண்டு பேனாவைத் தேடினான். அது சட்டைப் பையில்தான் இருந்தது. நேற்று அந்த மரத்தடியில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டை.